பக்கத்தில் போட்ட நாற்காலி

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைப் 'பேச்சு டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். "நான் டாக்டர் இல்லைங்க, மனநல ஆலோசகர்" என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? விட்டுவிட்டாள். இத்தனைக்கும் அவள் பேசுவது குறைவு, கேட்பதுதான் தொழில். "ஊர்க்கதைக்கெல்லாம் காதைத் தீட்டி வச்சிருக்க, வீட்டுக்கதைன்னா மட்டும் செவிடாயிடற" என்பது அவள் கணவனின் தீராத வழக்கு.

எக்ஸ்ரே அறைக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவில் அவளுக்கு ஒரு சின்ன அறை. அங்கேதான் பஸ் டிப்போ மேலாளர் ஒரு டிரைவரை அனுப்பிவைத்தார். வேகமாக வந்த சைக்கிள் சறுக்கி, ஓர் இளைஞன் அவர் ஓட்டிவந்த பஸ்ஸுக்கு அடியில் விழுந்து இறந்துபோனான். டிரைவர் மேல் தவறில்லை என்று விசாரணையில் தீர்ந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டாலே அவருக்குக் கை நடுங்கியது.

கூட வந்த மனைவி உட்காரும் முன்பே குரலைத் தாழ்த்தினாள். "முதுகுவலிக்குக் காட்டறோம்னுதான் அக்கம்பக்கத்துல சொல்லியிருக்கேன். வேற மாதிரி பேர் வந்துட்டா தலை காட்ட முடியாது."

"முதுகுவலியாவே இருக்கட்டும்மா. யார் கேட்டாலும் எதையும் சொல்ல மாட்டேன்" என்றாள் ஆலோசகர்.

டிரைவர் எதிரே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதைக் கேட்டாலும் "சரிங்க" என்றார். பொறுக்க முடியாமல் அவளும் சொல்லிவிட்டாள்: "உங்க மேல தப்பில்லைன்னுதான் ஆயிடுச்சே." அவர் முகம் சட்டென்று இறுகியது. வாய் தவறியது அவளுக்கே உறைத்தது. வீட்டிலும் டிப்போவிலும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வார்த்தை அது. அதைச் சொல்ல அவள் எதற்கு?

அவளுடைய மேலதிகாரி, வழக்கமான பயிற்சிகளைக் கொடுத்துச் சீக்கிரம் முடிக்கச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு பஸ் ஏறினாள். முன் இருக்கையில் உட்கார்ந்தவள் அன்று அந்த பஸ்ஸை ஓட்டியவரைக் கவனித்தாள். பக்கத்தில் நின்றவரோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார், ஆனால் ஒரு முறைகூட அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் சாலையிலேயே இருந்தது.

அடுத்த முறை அவர் வந்தபோது இரண்டு நாற்காலிகளும் ஜன்னலைப் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?"

"டிரைவர்னு மட்டும் வேணாம்மா. அண்ணன்னு சொல்லுங்க."

"சரிண்ணா."

வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே அவர் பேசத் தொடங்கினார். "நெஞ்சுல எதையோ வச்சு அடைச்ச மாதிரி இருக்கும்மா. அந்தப் பையனோட செருப்பு ஒண்ணு ரோட்டுலயே கிடந்துச்சு. ஆளாளுக்கு அதைச் சுத்திச் சுத்திப் போனாங்க. நானும் எடுக்கல."

அவள் அதற்கு மனச்சோர்வு, அதிர்ச்சி என்று பெயர் எதுவும் வைக்கவில்லை. "இப்பவும் அடைக்குதாண்ணா?" என்றாள். "இப்ப கொஞ்சம் கம்மி" என்றார் அவர்.

பல வாரம் அப்படியே உட்கார்ந்தார்கள். ஒருநாள் அவர் சொன்னார்: "அவங்க வீட்டுக்குப் போகணும்மா."

 அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "கதவைச் சாத்திட்டா?"

"நிப்பேன்."

"கை நீட்டினா?"

"வாங்கிக்கறேன்."

"உங்களைப் பாக்கற தெம்பு அவங்களுக்கு இருக்காண்ணா? அதைக் கேட்டுட்டுப் போகலாமே."

 அவர், இறந்த பையனின் தாய்மாமன் மூலம் கேட்டனுப்பினார். பதில் வரவில்லை.

இதற்குள் டிப்போ மேலாளரே நேரில் வந்துவிட்டார். "என்னம்மா, சரி பண்ணி அனுப்பச் சொன்னா இன்னும் இழுத்துட்டே இருக்கீங்க? வண்டிக்கு ஆள் இல்ல."

"அவர் வண்டி இல்ல சார், ரிப்பேர் பண்ணி வெளிய தள்ள. எப்ப ஓட்டறதுன்னு அவர்தான் சொல்லணும்."

"அப்ப வேற ஆளுகிட்ட அனுப்பறேன்."

"அனுப்புங்க. அவர்கிட்ட கேட்டுட்டு அனுப்புங்க."

மேலாளர் கேட்டுப் பார்த்தார். வேறு யாரிடமும் போக மாட்டேன் என்று டிரைவர் அசையவில்லை. அவர் மறுபடி ஓட்டத் தயாராகும்வரை டிப்போ பணிமனையில் பழுதுபார்க்கும் வேலை தருவதாக மேலாளரே இறங்கி வந்தார்.

மழை பிடித்த ஒரு வாரத்தில்தான் தாய்மாமனிடமிருந்து தகவல் வந்தது: வரச் சொல்லுங்கள். டிரைவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பையனோட அம்மா வாய் வலிக்கிற வரைக்கும் திட்டினாங்க. அப்பா எழுந்து உள்ள போயிட்டாரு. கடைசியில அந்தம்மாவே உக்காரச் சொன்னாங்க. பையன் சின்ன வயசுல பஸ்ஸுக்கு டாட்டா காட்டிட்டே நிப்பானாம்." அதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுதார். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. தூக்கம் வந்தது, நடுக்கம் முழுதாகப் போகவில்லை. பணிமனையில் பிரேக் கட்டைகளை மாற்றிக்கொண்டு பல மாதத்தைக் கழித்தார். பிறகு ஒருநாள் அவராகவே போய், கூட்டம் குறைந்த தடம் ஒன்றைக் கேட்டு வாங்கினார்.

இன்றைக்கும் சைக்கிளைக் கண்டால் வண்டி நத்தையாகிவிடும். பின்னால் வரும் வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்துத் தள்ளுவார்கள். அவர் கண்டுகொள்வதில்லை. சைக்கிள் கடந்துபோகட்டும் என்று காத்திருந்து, அப்புறம்தான் கியரை மாற்றுகிறார்.