குழிக்குள் இன்னொருவர்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் மற்றவர்கள் பொத்தானை அழுத்திவிட்டு மேலே போவார்கள். அவர் அந்தப் பெட்டியின் கூரைமேல் நின்றோ, அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கியோ வேலை செய்வார். வீட்டுக்கு வந்தால் கை முழுக்க கிரீஸ். அவர் தேய்த்துக் கழுவி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடுகிறது என்று அண்ணி புலம்புவார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் கைகள் நகக்கண் வரை சுத்தமாக இருக்கும். ஆலயத்தில் ஜன்னலோரப் பெஞ்சு அவருடைய இடம். உரக்கப் பாட மாட்டார், எழுந்து சாட்சி சொல்ல மாட்டார். ஆனால் அந்த ஆராதனையை நம்பித்தான் மிச்ச வாரத்தை ஓட்டினார். ஆண்டவர் அங்கே இருக்கிறார், நாம் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது போல.

பிறகு கம்பெனியில் அவரை ஞாயிறு வேலைக்கு மாற்றினார்கள். அலுவலகக் கட்டடங்கள் அன்றுதான் காலியாக இருக்கும், லிஃப்டை நிறுத்திப் பழுது பார்க்க வசதி. மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார், சூப்பர்வைசர் கேட்கவில்லை. ஆரம்பத்தில் சமாளித்தார். மாதங்கள் போகப் போக வறண்டுவிட்டார். வீட்டு ஜெபத்தில் கல்லாட்டம் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "ஜெபம் பண்ணினா சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கும்மா. ஆண்டவர் என்னை விட்டுட்டாரோன்னு பயமா இருக்கு."

கடவுள் எங்கும் இருக்கிறாரே என்று நான் படித்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பேருந்தில் ஒட்டிய அறிவிப்பைப் படிப்பவர் மாதிரி தலையாட்டினார்.

கடைசியில் வேலையை விடுவது என்று முடிவு செய்து, மாத முடிவோடு நின்றுகொள்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லியும் விட்டார். அதுவரை ஆலயத்துக்கு வரவில்லையே என்று அவரைக் குடைந்துகொண்டிருந்த அண்ணிக்கு இப்போது வேறு கவலை. பிள்ளைகள் இரண்டும் கல்லூரியில். "வரலைன்னுதானே திட்டினேன், வேலையை விடுன்னா சொன்னேன்?" என்று என்னிடம் வந்து அழுதார்.

அடுத்த ஞாயிறு அவரும் எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் அவருடைய கூட்டாளியும் ஒரு பழைய கட்டடத்துக்குப் போனார்கள். பல வருடங்கள் ஒன்றாக வேலை செய்த நண்பர்கள். நெட்டை உச்சியில் இருக்கும் மோட்டார் அறையில், அண்ணன் கீழே குழியில். இடையில் வாக்கி டாக்கி. அவர்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. உள்ளே இறங்கிய ஒவ்வொரு ஆளும் வெளியே வந்து நின்றதைக் கண்ணால் பார்க்காமல் லிஃப்டை நகர்த்தக் கூடாது. இதில் விளையாட்டே கிடையாது.

அன்று அண்ணனின் வாக்கி டாக்கிப் பொத்தான் கிரீஸில் ஒட்டி, அழுந்தியபடியே நின்றுவிட்டது. அவர் பேசியதெல்லாம் மேலே கேட்டது. மேலேயிருந்து நெட்டை பேசியது அவருக்குக் கேட்கவில்லை. பொத்தான் ஒட்டியது அவருக்குத் தெரியவும் தெரியாது.

வேலை முடிந்து அவர் ஏறி வெளியே வந்தபோது, நெட்டை மூச்சிரைக்கக் கதவருகே நின்றிருந்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டும் பதில் வராததால் அத்தனை மாடிகளையும் படியில் இறங்கி வந்திருந்தார். அண்ணனைத் தாண்டிக் குழிக்குள் டார்ச் அடித்தார்.

"மச்சான், இன்னொருத்தர் எங்க?"

"எந்த இன்னொருத்தர்? நான் மட்டும்தான்."

நெட்டை நம்பவில்லை. மண்டியிட்டு மூலை மூலையாகப் பார்த்தார். சொல்லாமல் ஆளை உள்ளே இறக்கியிருக்கிறாயே, நசுங்கியிருந்தால் யார் பதில் சொல்வது என்று கத்தினார். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. யாருமே இல்லை என்று உறுதியான பிறகுதான் நெட்டைக்குக் கோபம் இறங்கியது.

"அப்ப இவ்வளவு நேரம் யார்கிட்ட பேசினே? இந்த போல்ட்டைப் பாருங்க, துருப்பிடிச்சிருக்குன்னே. பொண்ணு பரீட்சையைப் பத்திச் சொன்னே. நடுநடுவுல நிறுத்தி, அவர் பேசறதைக் கேக்கற மாதிரி சும்மா இருந்தே. அப்புறம், உங்களைப் பாக்கவே முடியலைன்னு ஒரே குறை. பக்கத்துல நிக்கிற ஆள்கிட்ட எவனாவது அப்படிச் சொல்லுவானா?"

அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். தான் பேசியதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆலயத்தில் ஜெபிக்கிற மாதிரி அல்லாமல், வீட்டு ஆளிடம் பேசுவது போல, எத்தனை ஞாயிறுகளாக ஆண்டவரிடம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தாரோ.

அன்று மாலை என்னிடம் இதைச் சொல்லும்போது அவர் கண்கலங்கவெல்லாம் இல்லை. எங்கே பழுது என்று கண்டுபிடித்துவிட்டவர் பேசும் குரலில்தான் பேசினார். "நான் மட்டும்தான்னு அவன்கிட்ட சொன்னேனே, அது பொய்ம்மா" என்றார்.

மறுநாள் போய், வேலையை விடவில்லை என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். அந்த மனிதர் கிண்டல் செய்ததையும் வாங்கிக்கொண்டார். ஞாயிறு வேலை இன்னும் வெகுகாலம் நீடித்தது. ஆலயத்துக்கு ஏங்குவதை அவர் விடவில்லை. பாட்டுச் சத்தம் கேட்காமல் காது காய்கிறது என்பார். ஆனால் பயம் போய்விட்டது. வீட்டில் குழாயைக் கழற்றும்போதும் முணுமுணுப்பார். அண்ணி வாசலில் நின்று, "அவர்கிட்ட பேசி முடிச்சாச்சுன்னா கடைக்குப் போயிட்டு வாங்க" என்பார்.

போன மாதம் அண்ணன் இறந்துபோனார். கடைசி வாரம் குரல் எழும்பவில்லை. ஒரு மதியம், ஆறுதலாக இருக்குமே என்று வேதாகமத்தைத் திறந்து சங்கீதம் வாசிக்கத் தொடங்கினேன். கொஞ்சம் பொறு என்று விரலைத் தூக்கிக் காட்டினார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.