புழு அக்கா வராத இருபது நாள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் புழு அக்காதான். முட்டைக்கோஸைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழுக்களை டப்பாக்களில் வளர்த்து, எறும்பளவே இருக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்குக் கொடுப்பது பதினாறு வருடமாக அவர் வேலை. குளவி புழுவின் உடம்புக்குள் முட்டையிடும்; அதன் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வெளியே வரும். அந்த ஒரு வகைப் புழுவைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காது என்று நம்பித்தான் அந்தக் குளவியைத் தோட்டங்களில் விட்டார்கள்.

புழுக்களுக்கு விடுமுறை தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரும் கூட வந்து இலை நறுக்குவார். "உன் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போட்டாச்சு, கிளம்பலாமா?" என்பார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஒரு ஞாயிறு, "அசதியா இருக்கு, நீ மட்டும் போயிட்டு வா" என்று படுத்தார். அக்கா திரும்பி வந்தபோது உயிர் இல்லை.

இருபது நாள் அக்கா வேலைக்கு வரவில்லை. புழு அறையைப் பார்த்துக்கொண்டவர் ஆய்வுக்கூடத்துத் தோட்டக்காரர். ஆறாம் நாள் புழுக்கள் நோய் கண்டு கொத்துக் கொத்தாகச் செத்தன. குளவிகளாவது பிழைக்கட்டும் என்று, பக்கத்து அறையில் வேறு ஆராய்ச்சிக்காக வளர்த்த வண்ணத்துப்பூச்சிப் புழுக்களை எடுத்து வைத்தார். அக்கா வந்து பார்த்தபோது அவற்றின் மேலெல்லாம் குளவிக் கூடுகள்.

"துக்க வீட்டுக்கு எப்படிக்கா போன் பண்றது? கை வரல" என்றார் தோட்டக்காரர்.

"விடுங்க. நீங்க நல்லதுதானே நினைச்சீங்க."

அக்கா பழைய வகைப் புழுக்களை வரவழைத்து வைத்தார். அந்தக் கூடுகளிலிருந்து புதிதாகப் பிறந்த குளவிகள் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டன. மூன்று நாளும் அப்படித்தான்.

ஆய்வுக்கூடத்தை நடத்தும் ஆய்வாளரம்மா, மரபணு பார்த்து வரைந்த குளவிகளின் வம்சப் படத்தை விரித்தார். "இங்க பாருங்க. இதோட பங்காளிங்கள்ல பாதி எப்பவோ வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கு மாறினதுங்க. அந்தக் குணம் இதுக்குள்ளயும் இருந்திருக்கு. நாமதான் கவனிக்கல."

"அப்ப, இத்தனை வருஷமா வெளியில விட்டது?"

"போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

குளவி விடுவதை நிறுத்தினார்கள். அறையில் இருந்தவற்றைக் குளிர்பெட்டியில் வைத்து அழிக்க உத்தரவு வந்தது. தோட்டக்காரர் தானே செய்துவிடுவதாகச் சொன்னார்.

"வேணாம். அவரு போகும்போதுதான் நான் பக்கத்துல இல்ல" என்று சொல்லி, அக்கா டப்பாக்களைத் தானே ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினார்.

அடுத்த மாதம் மூவரும், குளவி விட்ட இடங்களில் தோட்டம் தோட்டமாகத் தேடினார்கள். நான்காவது தோட்டத்தின் வேலியோரம், ஒரு பூச்செடியில், வாடிச் சுருங்கிய வண்ணத்துப்பூச்சிப் புழுவையும் அதன் மேல் வெள்ளைக் கூடுகளையும் கண்டது அக்காதான். உடனே யாரையும் கூப்பிடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் எத்தனை இருக்கின்றன என்று இலை இலையாகப் புரட்டிப் பார்க்கத் தொடங்கினார்.