தளபதியின் மாமனார்

அந்த மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே கோட்டர்ஸ் வீட்டில் ஓர் அமெரிக்கரும் எங்களோடு குடியிருந்தார் என்றே சொல்லலாம். செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆனவர். அப்பாதான் கூட்டி வந்தார். வாசகசாலையின் ஞாயிற்றுக்கிழமைச் சொற்பொழிவில் அப்பாவின் முறை வந்திருந்தது. மற்றவர்கள் மதுவிலக்கு, தேகப்பயிற்சி என்று பேசிவிட்டு இறங்கிவிடுவார்கள். அமெரிக்கப் பாதிரிமார் பள்ளியில் படித்த அப்பாவுக்கு அதெல்லாம் போதவில்லை. அங்கே பாடத்தில் கேட்ட ஒரு தளபதிதான் வேண்டியிருந்தது.

அவர் முதலில் புத்தகக் கடை வைத்திருந்தவராம். விற்பனைக்கு வைத்திருந்த புத்தகங்களைப் படித்தே பீரங்கி வித்தையைக் கற்றுக்கொண்டாராம். ஆங்கிலேயரை எதிர்த்துச் சண்டை மூண்டபோது மாடுகளைப் பூட்டிப் பனியில் பீரங்கிகளை இழுத்து வந்து சேர்த்தார். பிறகு அந்த நாட்டுக்கே யுத்த மந்திரி ஆனார். ஆங்கிலேயர் என்ற சொல் வரும் இடத்தில் மட்டும் அப்பா குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார். சம்பளம் கொடுப்பவர்கள் அவர்கள்தானே.

வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒத்திகை ஆரம்பித்துவிடுவார். எனக்கும் தம்பிக்கும் கைதட்டும் வேலை. அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்தபடி கேட்பாள். அப்பாவின் புத்தகத்திலிருந்த படத்தில் தளபதியின் வெள்ளைத் தலையைப் பார்த்துவிட்டு, இந்த வயசில் இவருக்கு எதற்குச் சண்டை என்றாள். அங்கே அந்தக் காலத்தில் தலைக்குப் பொடி பூசுவது வழக்கம் என்று அப்பா எவ்வளவோ சொல்லியும் அவள் நம்பவில்லை. அந்தச் சாயங்காலங்களை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் ஏக்கமும் சேர்ந்தே வருகின்றன.

அப்பா அப்போது கோலாலம்பூரில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். வருஷக்கணக்காகச் சேர்ந்திருந்த லீவை எடுத்து எங்களை ஊருக்குக் கூட்டிப் போவதாக இருந்தது. கல்யாணமாகி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய பிறகு அம்மா தன் அப்பாவைப் பார்த்ததே இல்லை. அவர் படுத்த படுக்கையாகிவிட்டார், வாயைத் திறந்தால் மகள் பேச்சுத்தான் என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்தா ரவாங் ஸ்டேஷன் மாஸ்டர் ஓய்வு பெற வேண்டும்? அந்த இடம் உனக்குத்தான், ஆனால் உடனே போய்ச் சேர வேண்டும், லீவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெரிய துரை அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பாவும் வீட்டுக்கு வந்து, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அம்மா சரி என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். எனக்கு அப்பா மேல் ஆத்திரமாக வந்தது.

சொற்பொழிவில் தளபதியின் குடும்பத்துக்கு அப்பா ஒதுக்கியது இலையில் ஊறுகாய் அளவு இடம்தான். மனைவி பெரிய இடத்துப் பெண். அவள் அப்பா இங்கிலாந்து ராஜாவின் கட்சி. சண்டை முற்றியதும் பெற்றவர்கள் கப்பலேறி இங்கிலாந்து போய்விட்டார்கள். மகள் புருஷனோடு தங்கிவிட்டாள். அதன்பிறகு அவர்களை அவள் பார்க்கவே இல்லை. இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அப்பா பீரங்கிக்குத் திரும்பிவிடுவார்.

ஒருநாள் அம்மா கீரையிலிருந்து நிமிர்ந்தாள்.

"சண்டைதான் முடிஞ்சிருச்சே. அப்புறமாச்சும் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரா?"

"எங்க போறது? அதுக்குள்ள மந்திரி ஆயிட்டாரே. வேலை கழுத்தை நெரிக்குது."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். குத்திக்காட்ட வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்காகத்தான் கேட்டாள். அது அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். அன்றைக்கு ஒத்திகையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

ஞாயிறு மாலை, கடை மாடியிலிருந்த வாசகசாலை நிரம்பி வழிந்தது. பெண்களுக்கு ஓரமாகப் பாய் போட்டிருந்தார்கள். அப்பா வெளுத்து வாங்கினார். பீரங்கி பனியில் வந்தபோது முன்வரிசைப் பெரியவர் ஒருவர் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு மனைவியின் கதை வந்தது. அவளைப் பெற்றவர்கள் கப்பலேறிப் போனார்கள், மகள் புருஷனோடு தங்கிவிட்டாள் என்றார். அடுத்த வரி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். தம்பியின் உதடு அதைச் சொல்லவே ஆரம்பித்துவிட்டது. அப்பா பெண்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நேரே மந்திரி பதவிக்குத் தாவினார். கைதட்டலுக்கு ஒன்றும் குறைவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மாதான் பேச்சை எடுத்தாள்.

"அந்தப் பொண்ணு விஷயத்தைப் பாதியிலயே விட்டுட்டீங்களே."

"நீ எதிர்ல உக்காந்திருக்க, வாயில வரல," என்றார் அப்பா. கொஞ்ச தூரம் போனதும், "நாளைக்கு லீவுக்கு எழுதிக் கொடுக்கப் போறேன்," என்றார்.

ரவாங் என்னாவது என்று அம்மா கேட்டதற்கு, அது எங்கேயும் ஓடிப்போகாது என்று சமாதானம் சொன்னார். ஆனால் அது ஓடித்தான் போனது. அப்பாவுக்குக் கீழே வேலை பார்த்தவருக்குக் கிடைத்தது. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று கோட்டர்ஸ் முழுக்கப் பேச்சு. அதன்பிறகு இன்னொரு வாய்ப்பும் வரவில்லை. உதவி ஸ்டேஷன் மாஸ்டராகவேதான் அப்பா ஓய்வு பெற்றார்.

போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்தோம். அம்மாவின் அப்பாவுக்குப் பார்வை மங்கியிருந்தது. அம்மாவின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். இருவரும் அழுது ஓய்ந்த பிறகு, மாப்பிள்ளை இப்போது என்ன உத்தியோகத்தில் இருக்கிறார் என்று கேட்டார். அப்பா தொண்டையைச் செருமினார். ஆண்கள் பேசும்போது குறுக்கே வராத அம்மா அன்றைக்கு முந்திக்கொண்டாள்.

"ஸ்டேஷன் மாஸ்டருப்பா. ரவாங்னு பெரிய ஊரு. அங்க இவரு கொடி காட்டினாத்தான் ரயிலே நகரும்."

கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது. கையை நீட்டித் துழாவி, அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அப்பா இல்லை என்று சொல்லவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கக்கூடக் கையை விடுவிக்காமல் உட்கார்ந்திருந்தார்.