தொப்பி போட்டவரைத் தேடிய புதன்கிழமை

எங்கள் தெரு சலூன்காரரைக் கொன்றது யார் என்பதைப் பெங்களூர் ஈஜிபுரா ஒரே மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டது. போலீசுக்குத்தான் ஒரு நாளுக்கு மேல் ஆனது. தெரு கண்டுபிடித்த ஆள் வேறு, போலீஸ் கடைசியில் பிடித்த ஆள் வேறு. அந்த ஒரு மணி நேரத்தில் தெருவோடு சேர்ந்து நானும் தப்பான ஆளைத்தான் நினைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இதைப் படிப்பவர்கள் என்னை ஏதோ பெரிய நியாயவான் என்று நினைத்துக்கொள்ளக்கூடும்.

நான் மல்லேஸ்வரத்துக்காரன். அப்பா மாநில அரசு உத்தியோகத்தில் இருந்தவர். எங்கள் வீட்டில் தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் நடமாடும். ஆபீசுக்குப் பக்கம் என்று நான் ஈஜிபுராவுக்குக் குடிவந்தபோது, "அங்கெல்லாமா வீடு பாத்தே?" என்று என் அக்கா கேட்டாள், ஏதோ நான் சந்திரனுக்குப் போகிற மாதிரி. வந்த மறு மாதமே ஆபீஸ் எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டது. ஒன்பது வருடமாக ஈஜிபுராவில் நான் ஒழுங்காகப் போய்வந்த ஒரே இடம் அந்தச் சலூன்தான்.

சலூன்காரர் செய்யாறு பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் அண்ணன், அவரைவிட மூத்தவர்களுக்கும். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். இந்த ஊரில் டேங்கர் தண்ணீரால் முடி கொட்டுகிறது என்று நம்புவதுதான் எல்லோருக்கும் வசதி. நானும் ஒருநாள் கண்ணாடியைப் பார்த்தபடி தண்ணீரைத் திட்டினேன்.

"தண்ணி மேல பழி போடாதீங்க சார்" என்றார் அவர், கத்தரியை நிறுத்தாமலே. "உங்க அப்பா போட்டோ ஒண்ணு கொண்டாந்து காட்டுங்க. நான் சொல்றேன்."

அப்பாவின் போட்டோவைக் காட்ட வேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லை.

அவரோடு கடையில் வேலை பார்த்தவர் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். நாற்பது வயது, ஒல்லியான மனிதர். ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. தமிழிலும் அதிகம் பேசமாட்டார். பேசாதவர்களைப் பற்றித் தெருவுக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு.

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. அன்று மத்தியானம் மூன்று மணி இருக்கும். பால் வாங்கக் கீழே போனேன். கடை முன்னால் கூட்டம். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே அண்ணன் தரையில் கிடந்தார். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கிரானைட் பலகையின் முனையில் தலை அடிபட்டிருந்தது. நான் பார்த்தது அவர் கால்களை மட்டும்தான். ஒரு காலில் செருப்பு இருந்தது. அதற்கு மேல் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உடலை முதலில் பார்த்தவர் அந்தக் கள்ளக்குறிச்சிக்காரர்தான். கடையில் விட்டுப்போன போன் சார்ஜரை எடுக்க வந்தாராம்.

"லீவு நாள்ல எவனாவது சார்ஜர் எடுக்க வருவானா?" என்று கேட்டார் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. அப்பீலுக்கு யாரும் போகவில்லை. சாயங்காலம் அக்கா போனில் கேட்டாள்: "வேலைக்காரன்தானே? எங்க பாரு, கூட இருக்கறவன்தான்." நானும் "அப்படித்தான் சொல்றாங்க" என்றேன். இரண்டே வார்த்தை. சொல்லிவிட்டுத் தோசை சாப்பிட்டேன்.

துப்பறிய வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சப்-இன்ஸ்பெக்டர், முப்பத்தைந்து வயது, சட்டையை நன்றாக இஸ்திரி போட்டிருந்தவர். இன்னொருவர் ஏட்டு, ஓய்வு பெறப் போகும் வயது. முதல் சிக்கலே அவர்களுக்கு அன்றைக்கே வந்துவிட்டதாம். கொலை நடந்த இடத்தில் ஒரு முடி கிடைத்தால் போதும், குற்றவாளி மாட்டினான் என்று எங்கோ பயிற்சியில் படித்திருக்கிறார்கள். இங்கே ஒரு மூட்டை முடி கிடைத்தது.

புதன்கிழமை காலை என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அண்ணனின் போனுக்குத் திங்கட்கிழமை கடைசியாக வந்த அழைப்பு என்னுடையது. கடை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேட்டிருந்தேன். ஒன்பது வருடமாக ஒரே நேரத்துக்கு மூடுகிற கடையைப் பற்றி ஏன் கேட்டேன் என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். பழக்க தோஷம் என்று சொல்லிவைத்தேன்.

ஸ்டேஷன் வராந்தாவில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏ.டி.எம். காவலாளி ஒருவர். பார்சல் கொண்டுவந்து கொடுக்கும் ஒருவர். கல்யாண பேண்டில் டிரம்பெட் ஊதுகிறவர், சரிகை வைத்த யூனிபார்மோடு. நான்காவது ஆள் வாக்கிங் போனபோது அழைத்துவரப்பட்ட ஒரு பெரியவர். குரங்குக் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நான் அங்க ஷேவிங்கூட பண்ணிக்கிறதில்லப்பா" என்று கன்னடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இவர்களை ஏன் உட்காரவைத்திருக்கிறார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

உள்ளே கள்ளக்குறிச்சிக்காரர் பெஞ்சில் இருந்தார். கண் வீங்கியிருந்தது. அழுததாலா, வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை.

"ஒப்புக்கொண்டுவிட்டான்" என்றார் ஏட்டு என்னிடம் பெருமையோடு. அவருக்குத் தமிழ் தெரியுமாம். தமிழ்ப் படங்கள் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். "'அண்ணன முடிச்சுட்டு வீட்டுக்குப் போனேன்'னு அவனே சொன்னான். நான் எழுதிக்கிட்டேன்." எழுதியிருந்ததைக் கன்னடத்தில் காட்டினார். 'முகிஸ்பிட்டே' என்றிருந்தது. அதற்குத் தீர்த்துக்கட்டினேன் என்றுதான் அர்த்தம்.

நான் கள்ளக்குறிச்சிக்காரர் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டேன். "என்னப்பா சொன்னீங்க இவங்ககிட்ட?"

தமிழைக் கேட்டதும் அவர் எழுந்தே நின்றுவிட்டார். "சார், திங்கக்கெழம கடைசியா அண்ணனுக்கு நான்தான் சார் ஷேவிங் பண்ணேன். அண்ணன முடிச்சுட்டு, கடையக் கூட்டிட்டு, வீட்டுக்குப் போனேன். அதத்தான் சார் சொன்னேன். அதுக்கப்புறம் இவரு அடிச்சாரு சார்."

முந்தின நாள் நான் சொன்ன இரண்டு வார்த்தையும் ஞாபகத்துக்கு வந்தது. சலூனில் எல்லோரும் ஒரு நாளைக்கு இருபது பேரை முடிக்கிறார்கள் என்பதைச் சப்-இன்ஸ்பெக்டருக்குக் கன்னடத்தில் விளக்கினேன். கட்டிங் முடிப்பது, ஷேவிங் முடிப்பது, ஆளை முடிப்பது என்று தனித்தனியாகச் சொன்னேன். அவர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"அப்போ தொப்பி போட்டவன்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"எந்தத் தொப்பி?"

"செவ்வாய்க்கிழமையில் தொப்பி போட்ட ஒருவன் ரகசியமாகக் கடைக்கு வருவான் என்று இவன் சொன்னானாம். காலையிலிருந்து தெருவில் தொப்பி போட்டவர்களை எல்லாம் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறோம்."

அறையில் அப்போது தொப்பி போட்டும் விசாரணைக்கு ஆளாகாதவர்கள் காவலுக்கு நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் மட்டும்தான். நான் மறுபடியும் கள்ளக்குறிச்சிக்காரரிடம் கேட்டேன்.

"தொப்பி இல்ல சார், டோப்பா!" என்று அவர் இரண்டு கையாலும் தன் தலையிலிருந்து எதையோ உரித்து எடுப்பதுபோலக் காட்டினார். "பொய் முடி சார். பின்னாடி தெரு அபார்ட்மென்ட்ல இருக்காரு. வாரம் ஒருவாட்டி கழட்டி, தலையக் கழுவி, பசை தடவி ஒட்டணும். யாரும் பாக்கக் கூடாதுன்னு லீவு நாள்ல வருவாரு. அண்ணன் அவருக்கு மட்டும் ஷட்டர பாதி தூக்கிவிடுவாரு."

டோப்பா என்றால் விக் என்று நான் சொன்னதும் சப்-இன்ஸ்பெக்டர் மெதுவாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேஜை மேல் இருந்த மஹஜரை இழுத்துப் புரட்டினார். கொலை நடந்த இடத்தில் என்னென்ன இருந்தன என்ற பட்டியல் அது. ஓரிடத்தில் விரல் நின்றது. 'நாற்காலிக்கு அடியில் செத்த எலி ஒன்று. அப்புறப்படுத்தப்பட்டது.' எழுதியவர் ஏட்டு.

"எலிக்கு வால் இருந்ததா?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர். அவ்வளவு அமைதியாக ஒருவர் கேட்டு நான் கேட்டதில்லை.

ஏட்டு யோசித்தார். "கவனிக்கலை சார்."

அப்புறம் நாங்கள் எல்லோரும் ஜீப்பில் எங்கள் தெருவுக்குப் போனோம். எலியைத் தூக்கிப்போட்ட இடம் மின்கம்பத்தின் கீழே இருக்கும் குப்பைமேடு. எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. அந்த வாரம் நினைக்கவில்லை. அதற்காக நாங்கள் கொடுத்த புகார்களின் மேல் யாரும் நடவடிக்கை எடுக்காமல் இருந்ததால் நீதி பிழைத்தது. ஏட்டு கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஒரு குச்சியால் அரை மணி நேரம் கிளறினார். தேங்காய் ஓடுகளுக்கும் பூமாலைக்கும் நடுவிலிருந்து அதை எடுத்தார். நல்ல கருகரு முடி. வகிடுகூடக் கலையவில்லை. அடிப்பக்கம் பசை பளபளத்தது.

கூட்டத்தில் ஜெராக்ஸ் கடைக்காரர் இருந்தார். "நான் அப்பவே நினைச்சேன்" என்றார்.

அந்த அபார்ட்மென்ட் மனிதரை அன்று சாயங்காலமே அழைத்துவந்தார்கள். நாற்பது தாண்டியவர், மென்பொருள் கம்பெனியில் நல்ல பதவி, தலையில் ஒரு கைக்குட்டை. கள்ளக்குறிச்சிக்காரருக்குப் பெஞ்ச். இவருக்கு நாற்காலி, மின்விசிறி, காபி. இங்கிலீஷில் பேசுகிறவரை அடிப்பது எப்படி என்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை போலிருக்கிறது. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று என்னை அங்கேயே உட்காரவைத்திருந்ததால் எல்லாமே என் காதில் விழுந்தது.

அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகவிருந்தது. பெண்ணின் மாமா ஒருவர் பையனைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்திருக்கிறார். பால் கடை, மளிகைக் கடை எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் சலூனுக்கு வந்து, "பையன் எப்படி?" என்று கேட்டிருக்கிறார்.

அண்ணன் சொன்ன பதில்: "தங்கமான மனுஷன் சார். முடி மட்டும் அவருது இல்ல."

சம்பந்தம் நின்றுபோனது. அந்தச் செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வந்த அந்த மனிதர் நாற்காலியில் உட்காரவில்லை. டோப்பாவைப் பிய்த்து எறிந்துவிட்டு, "என் வாழ்க்கையைக் கெடுத்துட்டியே" என்று கத்தியிருக்கிறார். அண்ணன் சமாதானப்படுத்தப் பக்கத்தில் வந்திருக்கிறார். இவர் பிடித்துத் தள்ளியிருக்கிறார். ஒருமுறை இல்லை, இரண்டுமுறை. இரண்டாவது முறை எழுந்திருக்கவில்லை.

"அப்புறம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"பதினொன்றரைக்கு எனக்கு ஒரு மீட்டிங் இருந்தது" என்றார் அந்த மனிதர். கேமராவை அணைத்துவிட்டுக் கலந்துகொண்டாராம். வாரத் திட்டத்தை எல்லோருக்கும் விளக்கினாராம். அதைச் சொல்லும்போதுதான் அழுதார். உயிர் போனதற்கு அழுதாரா, மீட்டிங் ஞாபகம் வந்து அழுதாரா, தெரியவில்லை. அன்றைக்கு அந்த மனிதரை வெறுக்க வேண்டும் என்று நான் மிகவும் முயன்றேன். கைக்குட்டை நழுவி அந்த வெறும் தலை தெரிந்தபோது என்னால் முழுதாக முடியவில்லை. என் கையும் தானாக என் தலைக்குப் போய்விட்டு வந்தது.

வியாழக்கிழமை அண்ணனின் மனைவி செய்யாறிலிருந்து உடலை வாங்கிப்போக வந்தார். கூட அவருடைய தம்பி. நடந்ததை எல்லாம் சப்-இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். எதற்காக என்பதையும் சொன்னேன். அந்த அம்மா எல்லாவற்றையும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார் கடைசியில். "எங்கிட்டயும் இப்படித்தான். கொழம்பு நல்லால்லன்னா நல்லால்லன்னுதான் சொல்லும் அது."

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

வழக்குக்குத் தேவையானது எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவரும் எழுதவில்லை.

கள்ளக்குறிச்சிக்காரரைப் புதன்கிழமை இரவே விட்டுவிட்டார்கள். ஏட்டு அவர் தோளில் தட்டி, "தப்பா நெனச்சுக்காதே" என்றாராம். தெருவும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு டீ வாங்கிக்கொடுத்தார். அவர் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டார். ஒரு வாரத்தில் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலைக்குப் போய்விட்டார். போகும் முன் என் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்றபடி சொன்னார்.

"நீங்க ஒருத்தர்தான் சார் என்ன நம்புனீங்க."

நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "உள்ள வாங்க, காபி சாப்பிட்டுப் போங்க" என்றேன்.