மாமா தோற்ற வழக்கு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு என்றால் சோற்றுக்கு முன்னால் சாமி வந்துவிடுவார். இருக்கிறாரா, இல்லையா என்பதுதான் பேச்சு. அப்பா புதுமண்டபத்தில் தையல் மிஷின் போட்டிருந்தவர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மில்லில் வேலை. ஊர் ஊராக நடக்கும் கூட்டங்களுக்குப் போய்ச் சாமி இல்லை என்று பேசப் பழகியிருந்தார். இருவரும் எதிரெதிரே இலை போட்டு உட்கார்ந்தால் ரசம் ஆறிப்போகும்.

அப்பாவின் கட்சி சுலபமானது. "தைக்கிறவன் இல்லாம சட்டை தானா வருமா மாப்ள? மாதுளம்பழத்தைப் பிட்டுப் பாரு. அம்புட்டு முத்தையும் எவனோ ஒருத்தன் அளவெடுத்துல்ல அடுக்கியிருக்கான்!"

"கத்திரிக்காய்க்குள்ள புழுவ வச்சுத் தச்சதும் அதே தையக்காரன்தானா மச்சான்?" என்பார் மாமா.

இரண்டு கட்சிக்கும் சாட்சி பிடித்துக் கொடுக்கும் உத்தியோகம் எனக்கு. வயது எட்டு, வாய் மட்டும் எண்பது வயதுக்கு இருந்தது. வைகைக் கரையில் விழுந்து கிடந்த தூக்கணாங்குருவிக் கூட்டை அப்பாவுக்குக் கொண்டுவந்தேன். பக்கத்துத் தெருவில் மூன்று கால் கோழிக்குஞ்சு பொரித்ததும் ஓடிவந்து மாமாவிடம் சொன்னேன். உள்ளூர நான் மாமா கட்சிதான். கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை, சைக்கிளில் வைத்துத் தெப்பக்குளம் வரை கூட்டிப்போவார்.

அந்த வருஷம் தம்பி பிறந்தான். மேலுதடு மூக்கு வரை பிளந்திருந்தது. உறிஞ்சிக் குடிக்க முடியாததால் அம்மா பாலைப் பீய்ச்சிச் சங்கில் புகட்டினாள். கிரகணத்தன்று அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து காய் நறுக்கியிருப்பாள், அதனால் வந்தது என்று தெருவே சொன்னது. அம்மா காதில் விழும்படியே சொன்னார்கள், பாவிகள். மூன்று மாதமாக அவள் தம்பியின் முகத்தை முந்தானையால் மூடியே வைத்திருந்தாள். வாசலைத் தாண்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கை ஓங்கிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியுமா?

"மாமா, தம்பிய மறந்துட்டீகளே! அவன் உதட்டத் தைக்காம விட்டுட்டாருல்ல சாமி, அதச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். முந்தானையை விலக்கி, தம்பியை மாமாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"சொல்லுடா. சாமி செய்யலைன்னா, அப்ப நான்தானே செஞ்சேன்?"

கிரகணம் வெறும் நிழல் என்று மணிக்கணக்காகப் பேசக்கூடியவர் மாமா. அன்று அதைப் பேசவில்லை. எச்சில் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கினார்.

"நீ இல்லக்கா. சாமிதான் செஞ்சாரு. மச்சான் சொல்றதுதான் சரி. நான் தோத்துட்டேன்."

அம்மா அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஜெயித்த அப்பாவோ இலையை மூடிவிட்டு எழுந்து போனார்.

எனக்கு வந்ததே கோபம்! அப்பேர்ப்பட்ட சாட்சியை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், மனுஷன் ஒரே பேச்சில் கட்சியையே விட்டுக்கொடுத்துவிட்டாரே! பயந்தாங்கொள்ளி என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

"ஆமாத்தா, பயந்துட்டேன்" என்றார் மாமா.

சாயங்காலம் அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருக்குழாயடிக்குப் போனாள். முகத்தை மூடவில்லை. கிரகணக் கதை சொன்ன பெண்கள் எல்லாரும் அங்கேதான் குடத்தோடு நின்றார்கள். நான் மாமாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். எதற்குப் பயந்தார் என்று அவரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.