நாலாம் மிஷினில் இருந்தவர்

நபீலாவின் இன்டர்நெட் கடையில் ஐந்து கம்பியூட்டர்கள் இருந்தன. நாலாவதற்கு மட்டும் திரை போட்டிருந்தாள். சாய்ந்தமருது ஊரின் வாய்க்கு அந்தத் துணி ஒன்றே போதுமாயிருந்தது.

யுத்தம் முடிந்து நாலு மாதமாகியும், பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கொப்பியில் எழுதிவிட்டுத்தான் மிஷினுக்குப் போகவேண்டும் என்ற வழக்கம் கடையை விட்டுப் போகவில்லை. நபீலாவுக்கு அது புதிதுமல்ல. சுனாமிக்குப் பிறகு அகதி முகாமில் ஊருக்கே படிவம் நிரப்பிக் கொடுத்தவள் அவள். "முழுப் பேரு, வாப்பாட பேரு, குறிச்சி, குடும்ப அட்டை நம்பர். ஒண்டு விட்டாலும் சாமான் கிடைக்கா" என்று சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியவள்.

திரைக்குப் பின்னால் ஊர் நினைத்த படமெல்லாம் ஓடவில்லை. கஞ்சாவும் குடியும் பழகிய மாணவர்களுக்கென்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்று தமிழிலும் ஓர் இணையத்தளம் நடத்தியது. ஆறு வாரம். வாத்தியாரும் இல்லை, ஏச்சும் இல்லை. இன்று எத்தனை தடவை, யாரோடு, ஏன் என்று மாணவனே பதிந்து, தானே குறைத்துக்கொண்டு வரவேண்டும். முதல் பெட்டி, 'உங்களை எப்படி அழைக்கலாம்?' என்று கேட்கும். எந்தப் பட்டப்பெயரையும் போடலாம்.

உயர்தர வகுப்பு அக்ரம் முகாமில் வளர்ந்தவன். பெட்டியைக் கண்டதும் முழுப் பெயர், வாப்பாவின் பெயர், குடியிருக்கும் குறிச்சி, குடும்ப அட்டை இலக்கம் வரை ஒழுங்காக எழுதினான். மூன்றாம் வாரம் தன் முன்னேற்றத்தை அச்செடுக்க ஆசைப்பட்டான். பிரிண்டரில் தாள் முடிந்திருந்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டான். நபீலா தாள் போட்டதும், தலைப்பில் அந்த முழு விவரத்தோடும் அவனுடைய பக்கம் வெளியே வந்தது. அடுத்து அச்செடுத்தவர் அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனார்.

பின்னேர அஸர் தொழுகைக்குள் ஊர் அறிந்தது. கஞ்சா வாரம் பதினாலு தடவையிலிருந்து மூன்றாகக் குறைந்திருந்ததை ஒருவரும் வாசிக்கவில்லை. பெயரை மட்டும் வாசித்தார்கள். வாப்பா மஜீட் அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, தூரத்து அறுகம்பேயில் ஹோட்டல் வேலைக்கு அனுப்பிவிட்டார்.

'ஒண்டும் விடாம எழுத அந்தக் கையப் பழக்கினது நாந்தான்' என்ற நினைப்பு நபீலாவை விடவில்லை. அடுத்து வந்தவனிடம் முதலிலேயே சொன்னாள்.

"சொந்தப் பேரு எழுதாதீங்க மகன். புடிச்ச எதையாவது போடுங்க."

"பிளேன்டி எண்டு போடட்டா?" என்றான், கையிலிருந்த பாலில்லாத் தேநீரைக் காட்டி.

"போடுங்க. சீனி குறைவா."

நாலாம் நாள் மிஷின், 'வாழ்த்துகள், பிளேன்டி!' என்றது. திரைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை ஹஸன் ஹாஜியார் வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்.

"தங்கச்சி, நாலாம் மிஷின்ல இரிக்கிறாக்கள்ற பேரு வேணும். நாளைக்கு ஜும்மாவுக்குப் பொறகு அவனுகள்ற வாப்பாமாரக் கூப்பிட்டுக் கதைக்கப் போறம்."

"அக்ரம்ட வாப்பாவோடயும் கதைச்சீங்கதானே ஹாஜியார்?"

"ஓம். இப்ப அந்தப் பிரச்சின ஊர்ல இல்லதானே?"

"பிரச்சின இல்ல. புள்ளயும் இல்ல. படிப்பும் இல்ல."

"வாய் காட்டாத. கொப்பியத் தாறயா, கடையப் பூட்டுறயா?"

நபீலா கொப்பியை நீட்டினாள். ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினார். பழைய தாள்கள் கிழிக்கப்பட்டிருந்தன. புதிய தாள்களில், நாலாம் மிஷினுக்கு நேரே, காலையும் மாலையும் ஒரே கையெழுத்து: முகம்மது தம்பி நபீலா, ஏழாம் குறிச்சி, அடையாள அட்டை இலக்கம், குடும்ப அட்டை இலக்கம். ஒன்றும் விடுபடவில்லை.

"இதென்ன, எல்லாம் ஒன்ட பேரு!"

"நாந்தான் இருந்த."

"அப்ப நீயா கஞ்சா அடிக்கிற?"

"அத அப்படியே பள்ளிவாசல்ல வாசிங்க ஹாஜியார். வாப்பாவக் கூப்பிடுறதெண்டா, அவரக் கடல் கொண்டு போயிட்டு. கேக்கிறத என்னட்டயே கேளுங்க."

ஹாஜியாரின் கண் திரைக்குப் போனது. உள்ளே தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. நபீலா தன் கதிரையை இழுத்து, திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். ஓர் அந்நியப் பெண்ணைத் தள்ளிவிட்டு ஹாஜியார் திரையை விலக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அவர் கொப்பியை மேசையில் அடித்து வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

"பிளேன்டி," என்றாள் நபீலா, திரும்பாமலே. "நேரம் இரிக்கி. எழுதி முடிங்க."