வாய்க்கோணலுக்கு ஒரு வேண்டுதல்

கோவளத்தில் மீன் வாங்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இதற்கெல்லாம் ஆரம்பம். நான் குனிந்து வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பையோடு பின்னால் நின்றார். மீன் விற்ற அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம், "இன்னாம்மா, புள்ளைய கூட்டிகினு வந்துகீறியா? நடுத்துண்டு தம்பிக்கு வச்சுக்கோ" என்றாள்.

அவர் என்னைவிட நான்கு வயது பெரியவர். மாதம் இரண்டு முறை தலைக்குச் சாயம் பூசுகிறவர். அன்று தாம்பரம் வந்து சேரும்வரை சிரித்தார். மேடவாக்கம் சிக்னலில் நின்றபோது, "அம்மா, ஏசி போதுமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார். எனக்கு ஐம்பத்தாறு வயது. அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

மகளைப் பார்க்கப் போகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டுப் பெங்களூர் போனோம். அங்கே முகத்தை இழுத்துத் தைக்கும் ஆபரேஷனைச் செய்துகொண்டேன். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் முக நரம்பு பலவீனமாகலாம் என்று ஒரு வரி இருந்தது. படித்தேன். அது வேறு யாருக்கோ எழுதியது என்று நினைத்துக்கொண்டு போட்டேன்.

கட்டுப் பிரித்தபோது கன்னம் ஏறியிருந்தது, கழுத்துத் தொங்கல் போயிருந்தது. இடது பக்கம் வாய்தான் என் பேச்சைக் கேட்கவில்லை. சிரித்தால் வலது பக்கம் மட்டும் சிரித்தது. மோர் குடித்தால் இடது ஓரம் வழியாகப் புடவையில் இறங்கியது. டாக்டர் "ஈ" காட்டச் சொன்னார், "ஊ" சொல்லச் சொன்னார். "நரம்பு அறுபடலம்மா, இழுபட்டிருக்கு. தானா சரியாகும். மூணு மாசம் ஆகலாம், கூடவும் ஆகலாம். பொறுமையா இருங்க" என்றார். பொறுமை இருந்திருந்தால் நான் ஏன் அங்கே வந்து படுத்திருக்கப்போகிறேன்? கேட்கத்தான் நினைத்தேன். வாய் ஒத்துழைக்கவில்லை.

சேலையூரில் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி என் நாத்தனார் இருக்கிறார். என் கணவரின் அக்கா. அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். நாங்கள் திரும்பிய அன்றே வந்துவிட்டார். என் வாயைப் பார்த்ததும் கையிலிருந்த தூக்கு கீழே விழுந்தது.

"இன்னாம்மா ஆச்சு மூஞ்சிக்கு?"

நான் பதில் யோசிப்பதற்குள் என் கணவர், "லேசா ஸ்ட்ரோக் மாதிரி வந்துச்சுக்கா. பயப்பட ஒண்ணுமில்ல" என்றார்.

நாத்தனார் போன பிறகு கணவரிடம் ஒரு பாட்டம் கத்தினேன். "வேற இன்னா சொல்றது? மூஞ்சிய இழுத்துத் தெச்சோம்னு சொல்லவா?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாளே தெருவுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் உரக்க, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார்கள். வாய் கோணினால் காதும் போய்விடும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? "அக்கா! சாப்டீங்களா! அக்கா!" என்று எதிர் வீட்டுப் பெண் கேட் அருகே நின்று கூவினாள். காய்கறிக் கடையில் எனக்கு ஸ்டூல் போட்டார்கள். பத்து வயது குறைத்துக்கொள்ளப் போன எனக்கு ஒரே வாரத்தில் இருபது வயது கூட்டிக் கொடுத்தார்கள்.

வாதத்துக்குப் புறா சூப் நல்லது என்று நாத்தனாருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாக்கத்தில் புறா வளர்க்கிற ஒருவரைக் கண்டுபிடித்து, அந்தக் காலோடு ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்கி, வாரம் ஒரு சூப் கொண்டுவந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, வழிந்ததை என் முந்தானையில் விழாமல் தன் முந்தானையால் துடைத்தார். நான் கிண்ணத்தைக் காலி செய்து கொடுத்தேன்.

மூன்றாவது வாரம்தான் அதைச் சொன்னார். "சிங்கப்பெருமாள் கோவில்ல வேண்டிகினு வந்துட்டேன். உன் வாய் நேராச்சுன்னா மலைய பதினோரு சுத்து, வெறுங்கால்ல."

அந்தக் கோவிலில் நரசிம்மர் குகைக்குள் இருக்கிறார். அவரைச் சுற்ற வேண்டுமென்றால் குன்றையே சுற்ற வேண்டும். மாடிப்படிகூட ஏறக் கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்த கால் அது. "உங்க காலுக்கு வேணாம் அண்ணி" என்றேன். "என் காலு கெடக்குது, உன் மூஞ்சி முக்கியம்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார், அந்தச் சிரிப்பு தெரு முழுக்கப் போகும் என்ற பயம்.

மூன்று மாதம் முடிந்து, ஒரு நாள் காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வழியவில்லை. கண்ணாடிக்கு ஓடினேன். இடது வாய்க்கோடி கொஞ்சமாய் அசைந்தது. பத்து நாளில் நன்றாகவே ஏறியது. சந்தோஷத்தில் அழுதேன். கண்ணைத் துடைப்பதற்குள் நாத்தனாரின் முழங்கால் நினைவுக்கு வந்தது.

அதன்பின் நான் செய்ததை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவர் வருகிற சத்தம் கேட்டதும் வாயை வலது பக்கம் இழுத்து வைத்துக்கொள்வேன். மூன்று மாதம் நேராக்க முடியாமல் தவித்த வாயைக் கோணலாக்கி வைத்துக்கொள்ளத் தாடை வலிக்க உழைத்தேன். என் கணவர் சமையலறைக்குள் போய்ச் சிரித்தார். அவருக்கென்ன, எல்லாமே சிரிப்புதான்.

மாட்டிக்கொண்டது புறாவால்தான். ஒரு வாரம் நாத்தனார் வெறுங்கையோடு வந்தார். புறாவை உயிரோடு பையில் போட்டு வாங்கிவந்தாராம். ஷேர் ஆட்டோவில் பை அவிழ்ந்து அது பறந்து, ஒருவர் வழுக்கைத் தலையில் உட்கார்ந்துவிட்டதாம். "அந்தாளு அசையவே இல்லம்மா. 'இறங்கிச்சா, இறங்கிச்சா'ன்னு என்னையே கேட்டுகினு வர்றாரு." நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், இரண்டு பக்கமும்.

அவர் என்னைப் பார்த்தார். என் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நேராயிடுச்சு! நரசிம்மா!" என்று அழுதார். அந்தச் சனிக்கிழமையே போக வேண்டும் என்றார்.

வழியெல்லாம் ஜிஎஸ்டி சாலையில் காருக்குள் நான் வாயைத் திறக்கவில்லை. குன்றின் அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் முதல் அடி வைத்தபோது முகம் சுருங்கியது. அப்போதுதான் சொன்னேன். மீன்கார அம்மாள், பெங்களூர், காதுக்குப் பின்னால் இருக்கும் தையல் தழும்பு, எல்லாவற்றையும். என் கணவர் கார் டயரைச் சோதிக்கப் போய்விட்டார்.

நாத்தனார் என் காதை மடக்கித் தழும்பைப் பார்த்தார். பிறகு, "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"சிரிப்பீங்கன்னு."

"சிரிச்சிருப்பேன்தான். ஒரு நாளு சிரிச்சிருப்பேன். இத்தினி மாசமா உனக்கு எதனா ஆயிடுமோன்னு சாமி படத்துக்கு முன்னால அழுதுகினு இருந்தேனே, அது தெரியுமா உனக்கு?"

அவர் படி ஓரத்து நிழலில் போய் மெதுவாக உட்கார்ந்தார்.

"வேண்டுனது நானு. நடக்கறது நீ. பெருமாள்கிட்ட நான் பேசிக்கிறேன். செருப்ப கழட்டு."

பத்து மணி வெயில். கல்லும் தாரும் காலைச் சுட்டன. ஒவ்வொரு சுற்றிலும் நான் அவர் முன்னால் வரும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு விரலை மடக்கினார். ஏழாவது சுற்றில் என் கணவர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். "நீயும் கழட்டுடா, ஸ்ட்ரோக்குன்னு சொன்னது நீதானே?" என்றார் நாத்தனார். அவரும் கழற்றிவிட்டு என் பின்னால் வந்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

பதினோராவது சுற்று முடிந்து, பாதம் கொப்பளித்து, அவர் முன்னால் வந்து நின்றேன்.

"பத்து" என்றார்.

"பதினொண்ணு அண்ணி. நானும் எண்ணிகிட்டுதான் வந்தேன்."

அன்று முதன்முறையாக நிமிர்ந்து என் வாயையே பார்த்தார். "பத்து" என்றார் மறுபடியும்.

நான் வாயை மூடிக்கொண்டு இன்னொரு சுற்று நடந்தேன்.